திரையில் விரித்த இலை

உணவகங்களின் இணையப் பக்கங்கள் குறித்து ஒரு மதிப்பீடு

நூல்களுக்குத் திறனாய்வு உண்டு. கட்டடங்களுக்கும் ஓவியங்களுக்கும் உண்டு. உணவகம் ஒன்று தன்னை உலகுக்கு அறிவித்துக்கொள்ளும் இணையப் பக்கத்துக்கும் அது வேண்டும் என்று நாம் சொன்னால், வாசகர்களில் சிலர் புன்னகை பூக்கக்கூடும். ‘வணிகர் செய்துகொள்ளும் விளம்பரத்தில் இலக்கிய இதழுக்கு என்ன அலுவல்?’ என்றும் கேட்கக்கூடும். கேள்வி நியாயமானதே. ஆயினும் எங்கே எழுத்து அடுக்கப்படுகிறதோ, எங்கே அதைப் படிக்கப் பிறர் அழைக்கப்படுகிறாரோ, அங்கே எழுத்தைப் பற்றிய ஆய்வுக்கும் இடம் உண்டு. மேலும், உணவகத்தின் பக்கம் ஓர் அழைப்பு. அழைப்பவர் விருந்தினரை எவ்வளவு மதிக்கிறார் என்பது அந்த அழைப்பின் அமைப்பிலேயே தெரிந்துவிடும்.

நாம் இதனை எண்ணத் தொடங்கியதற்குக் காஞ்சிபுரமே காரணம். இது கோயில் நகரம். பட்டு நகரமும் ஆகும். ஏகாம்பரநாதர், காமாட்சியம்மன், வரதராசப் பெருமாள் கோயில்களுக்கு வருவோர் ஒருபுறம். காந்தி சாலைக் கடைகளில் மணப்பட்டு எடுக்க வருவோர் மறுபுறம். பின்னவருள் எல்லாச் சமயத்தாரும் உண்டு. ஆம்பூரிலிருந்தும் நாகூரிலிருந்தும் நம்மவர்கள் குடும்பம் குடும்பமாக வருகின்றனர். முற்பகல் முழுவதும் புடவைகளைப் பார்த்து முடித்து, லுஹர் தொழுகையும் நிறைவேறிய பின்னர் பசி எழுகிறது. உடனே கைப்பேசி திறக்கப்படுகிறது. அவர்களுக்குத் தெரியவேண்டியவை சிலவே. என்ன உணவு? சைவமா, அசைவமா? அசைவமெனில் ஹலாலானதா? என்ன விலை? கடை எங்கே இருக்கிறது? இப்போது திறந்திருக்கிறதா? பெண்களும் குழந்தைகளும் அமர வசதியுண்டா? இந்த ஏழு கேள்விகளுக்கும் எவ்வளவு விரைவில், எவ்வளவு தெளிவாக விடை கிடைக்கிறது என்பதையே நாம் அளவுகோலாகக் கொள்கிறோம். அழகு வேண்டாம் என்று நாம் கூறவில்லை. இந்த விடைகளைச் சுமந்து நிற்கும் அழகையே அழகென்று ஏற்கிறோம்.

தெரு கற்றுத்தந்த பாடம்

இணையம் வருமுன்னரே நம் உணவகங்கள் இக்கேள்விகளுக்கு விடை சொல்லக் கற்றிருந்தன. ‘சாப்பாடு தயார்’ என்னும் சிறு பலகையை நினைத்துப் பாருங்கள். இரண்டே சொற்கள். சோறு வடித்ததும் பலகை வாசலுக்கு வரும். தீர்ந்ததும் உள்ளே போகும். உணவும் நேரமும் ஒருங்கே சொல்லப்பட்டுவிட்டன. ‘உயர்தர சைவ உணவகம்’ என்ற சொற்றொடர், உள்ளே நுழைபவர் ஐயத்துக்கு இடமின்றி அமரலாம் என்று உறுதி கூறியது. மதுரைப் பக்கத்து வடக்கம்பட்டிக்காரர்கள் ஊர்தோறும் கொண்டுசென்ற ‘முனியாண்டி விலாஸ்’ என்னும் பெயரோ, பெயராலேயே இது அசைவம் என்று அறிவித்தது. பிரியாணி அண்டாவின் மீது சுற்றிய சிவப்புத் துணியைத் தெருக்கோடியிலிருந்தே அடையாளம் கண்டுகொள்ளலாம். பிறையும் 786 என்ற எண்ணும் நம் கடைகளைக் காட்டிக்கொடுத்தன.

கடைக்கு வெளியே மட்டுமன்றி, உள்ளே இலையிலும் ஓர் ஒழுங்கு இருந்தது. நுனி உண்பவரின் இடப்பக்கம் இருக்கும். உப்பும் ஊறுகாயும் அங்கே இடம்பெறும். கறிவகைகள் மேற்பாதியில், சோறு கீழ்ப்பாதியில். பரிமாறுகிறவரும் உண்பவரும் அந்த ஒழுங்கை அறிவர். ஆகவே இலையில் உப்பு எங்கே என்று எவரும் தேடுவதில்லை. ஒரு பக்கத்தை அமைப்பதன் முழுப்பொருளும் இதுவே. தேவையான பொருள், கை தானாகச் செல்லும் இடத்தில் இருக்கவேண்டும்.

மூலமும் ஓரமும்

மதரஸாவில் ஓதியோர் வேறொரு பக்க அமைப்பையும் அறிவர். நம் கிதாபுகளில் ‘மத்ன்’ என்னும் மூலம் உண்டு. அதை விரிக்கும் ‘ஷரஹ்’ உண்டு. ஓரத்தில் நின்று ஐயம் தீர்க்கும் ‘ஹாஷியா’ உண்டு. பொன்னானியின் ஸைனுத்தீன் மக்தூம் அவர்கள் ‘குர்ரத்துல் ஐன்’ என்னும் மூலத்தை இயற்றி, அதற்குத் தாமே ‘ஃபத்ஹுல் முயீன்’ என்னும் விரிவையும் எழுதினார்கள். பிற்காலத்தில் ‘இஆனத்துத் தாலிபீன்’ அதற்கு ஹாஷியாவாக அமைந்தது. மூன்று அடுக்கு எழுத்துகள் ஒரே நூலில் நெருங்கி நின்றும் மாணவன் தடுமாறுவதில்லை. அடைப்புக்குறியும் கோடும் மையின் நிறமும் எது மூலம், எது உரை என்று காட்டிவிடுகின்றன. ஓரம் எவ்வளவு செழித்தாலும் மூலத்தின் இடத்தைப் பறித்துக்கொள்வதில்லை.

இந்த அளவுகோலைக் கையில் கொண்டு உணவகப் பக்கங்களைப் பார்க்கும்போது, அவற்றுள் பல ஹாஷியாவை நடுவில் வைத்து மத்னை ஓரத்துக்குத் தள்ளியிருப்பதைக் காண்கிறோம். பக்கம் திறந்தவுடன் திரை முழுவதையும் அடைக்கும் படங்கள் ஒன்றன்பின் ஒன்றாக நகர்கின்றன. அவற்றின் மேல் ‘மரபின் சுவை’, ‘அன்பின் பரிமாற்றம்’ என்பன போன்ற பொதுமொழிகள், பெரும்பாலும் ஆங்கிலத்தில். கீழே நிறுவனரின் வரலாறு. அதற்கும் கீழே பாராட்டுரைகள். விலைப்பட்டியலைக் காண வேறு பக்கம் செல்லவேண்டும். சென்றால் அது பி.டி.எஃப். கோப்பாக இறங்குகிறது, அல்லது அச்சட்டையைப் படம் பிடித்து ஏற்றியிருக்கிறார்கள். முகவரியோ அடிக்கோடியில், சாம்பல் நிறப் பின்புலத்தில், பொடி எழுத்தில் ஒளிந்திருக்கிறது. திறக்கும் நேரம் பல இடங்களில் இல்லவே இல்லை.

படமாக ஏற்றிய விலைப்பட்டியலின் தீங்கைச் சற்று விளக்கவேண்டும். அதிலுள்ள எழுத்து நம் கண்ணுக்கு எழுத்து. கணினிக்கோ வெறும் புள்ளிக் கூட்டம். பார்வையற்றோருக்குத் திரையைப் படித்துச் சொல்லும் மென்பொருள் அதன் முன் ஊமையாகிவிடுகிறது. தேடினால் சொல் அகப்படாது. கைப்பேசியில் பெரிதாக்கினால் மங்கும். விலை மாறினால் முழுப்படத்தையும் மாற்றவேண்டும். அதற்குச் சோம்பியே பழைய விலையைத் திரையில் விட்டுவைக்கின்றனர். உண்டபின் சீட்டில் வேறு தொகை வருகிறது. அமைப்பில் நேர்ந்த சோர்வு, இங்கே நாணயக் குறைவாக முடிகிறது.

இந்நோய் நம் நாட்டுக்கு மட்டும் உரியதன்று. அமெரிக்க உணவகத் தளங்கள் ஏன் இவ்வளவு மோசமாக இருக்கின்றன என்று ‘ஸ்லேட்’ இதழ் 2011-இல் ஒரு கட்டுரை வெளியிட்டது. அக்காலத்தில் ‘ஃபிளாஷ்’ என்னும் மென்பொருளால் இசையும் அசைவும் கூட்டிப் பக்கங்களைச் செய்தனர். 2007-இல் வந்த ஐபோன் அதை ஏற்கவேயில்லை. 2020 டிசம்பர் 31-உடன் அடோபி நிறுவனமும் அதைக் கைவிட்டது. மென்பொருள் மறைந்தாலும் அதை வேண்டிய மனப்பாங்கு மறையவில்லை. உணவகத்தின் விளக்கொளியையும் அலங்காரத்தையும் திரையிலேயே காட்டிவிட உரிமையாளர் விரும்புகிறார். ஆனால் அமர்ந்து உண்பவருக்கு உரிய அலங்காரம் வேறு. வெயிலில் நின்று வழி தேடுபவருக்கு உரிய உதவி வேறு. முதலாமவருக்கு ஓய்வு உண்டு. இரண்டாமவருக்கு அது இல்லை.

தமிழ் எங்கே?

தமிழ்நாட்டு உணவகங்களின் பெயர்ப்பலகையில் தமிழ் இடம்பெறவேண்டும், அதுவும் பிறமொழிகளுக்கு மேலாக இடம்பெறவேண்டும் என்பது 1958-ஆம் ஆண்டின் உணவு நிறுவனங்கள் சட்டத்தின் கீழமைந்த விதி. வாசலில் உள்ள பலகைக்கு இந்த விதி உண்டு. ஊரார் இன்று முதலில் பார்க்கும் பலகையோ கைப்பேசித் திரையாகிவிட்டது. அங்கே தமிழைத் தேடவேண்டியிருக்கிறது. இட்லிக்கும் இடியாப்பத்துக்கும் ஆங்கில எழுத்து. தமிழர் நடத்தும் கடை, தமிழர் உண்ணும் உணவு, ஆனால் தமிழ் மட்டும் படிக்கத் தெரிந்த தாய்க்கு அங்கே இடமில்லை. மகனோ பேரனோ படித்துச் சொன்னால்தான் அவர் தமக்கு வேண்டியதைத் தேர்ந்தெடுக்க முடியும். ஓர் உணவைத் தாமே படித்துத் தாமே கேட்கும் சிறு உரிமையும் அவரிடமிருந்து போய்விடுகிறது. இதை நாம் அழகியல் குறையாக மட்டும் கருதவில்லை. மரியாதைக் குறைவாகவே கருதுகிறோம்.

‘கணினியில் தமிழ் சரியாக வராது’ என்ற சாக்கு இனிச் செல்லாது. 1991-இல் வெளிவந்த ஒருங்குறியின் முதற்பதிப்பிலேயே தமிழுக்கு இடம் கிடைத்துவிட்டது. 1999-இல் சென்னையில் கூடிய தமிழ்இணையம் மாநாட்டின் வழியே விசைப்பலகையும் தரப்படுத்தப்பட்டது. இன்று கைப்பேசிகள் தமிழை இயல்பாகக் காட்டுகின்றன. குறை, கருவியில் இல்லை, கையாளுவோரிடம் இருக்கிறது. தமிழெழுத்தின் இயல்பை அறியாமல் ஆங்கிலத்துக்கு வகுத்த சட்டத்துள் அதைத் திணிக்கின்றனர். நம் எழுத்துக்கு மேலே விசிறியும் கீழே சுழியும் உண்டு. வரிகளுக்கிடையே சற்றுக் கூடுதல் இடம் வேண்டும். நம் சொற்கள் நீளமானவை; ஆங்கிலச் சொல்லுக்கு வெட்டிய பொத்தானில் ‘முன்பதிவு செய்க’ என்பது அடங்காமல் பிதுங்குகிறது. பழைய ஓவிய மென்பொருளில் தட்டச்சு செய்த விளம்பரப் படங்களில், ஒற்றைக்கொம்பு தன் மெய்யெழுத்துக்கு முன்னே நில்லாமல் பின்னே போய் நிற்பதையும் கண்டிருக்கிறோம்.

இதனினும் வேதனை தருவது ஒன்றுண்டு. அரபு எழுத்தில் ‘ஹலால்’ என்று பொறிக்க விரும்பிய பக்கம் ஒன்றில், ஹா, லாம், அலிஃப், லாம் என்ற நான்கு எழுத்துகளும் ஒன்றோடொன்று இணையாமல், இடமிருந்து வலமாகத் தலைகீழ் வரிசையில் சிதறிக் கிடந்தன. அரபு எழுத்தைச் சேர்த்தெழுத அறியாத மென்பொருளின் வேலை அது. நான்காம் நூற்றாண்டு ஹிஜ்ரியின் தொடக்கத்தில் வாழ்ந்த இப்னு முக்லா, எழுதுகோல் நுனியின் புள்ளியை அளவாகக் கொண்டு ஒவ்வோர் எழுத்தின் உயரத்துக்கும் வளைவுக்கும் விகிதம் வகுத்தவர். அவர் வழிவந்த எழுத்து, பிரியாணியின் விலைக்கு அருகில் இப்படிச் சிதைந்து நின்றது. அந்தச் சொல் வெறும் அணியாக நிற்கவில்லை. இறைச்சியைப் பற்றிய வாக்குறுதியாக நிற்கிறது. வாக்குறுதியையே சரிபார்க்காமல் எழுதியவர், அதன் பொருளைச் சரிபார்த்திருப்பாரா என்ற ஐயம் படிப்பவர் உள்ளத்தில் எழுமன்றோ? அரபு தெரியாவிட்டால் தெளிவான தமிழில் ‘ஹலால்’ என்று எழுதுவதே மேல். யாரிடமிருந்து இறைச்சி வாங்கப்படுகிறது, அறுப்பவர் யார் என்பதை ஒரு வரியில் சேர்த்தால் இன்னும் மேல்.

பட்டு சொல்லும் நிறப்பாடம்

காஞ்சிபுரத்து உணவகங்கள் பட்டின் நிறங்களை விரும்பி எடுத்தாள்கின்றன. அரக்கும் பொன்னும், மாம்பழ மஞ்சளும் கிளிப்பச்சையும் திரையில் நிறைகின்றன. விருப்பம் நன்றே. ஆனால் புடவையில் அந்நிறங்கள் எவ்வாறு நிற்கின்றன என்பதைப் பார்க்கவேண்டும். கோர்வை முறையில் உடலும் கரையும் வேறு வேறு நிறத்தில், தனித்தனி நாடாக்களால் நெய்யப்பட்டு, எல்லையில் ஒன்றோடொன்று பின்னிக்கொள்கின்றன. மூன்று நாடாக்களை எறிய, நெய்பவரோடு துணைக்கும் ஒருவர் வேண்டும். இத்தனை உழைப்பும் எதற்காக? உடல் உடலாகவும் கரை கரையாகவும் தெளிவுபட நிற்பதற்காக. சரிகையின் செறிவு முந்தானைக்கு உரியது. உடல் அடக்கமாக இருப்பதால்தான் முந்தானை ஒளிர்கிறது. திரையிலோ உடல் முழுவதும் சரிகை. கோபுரப் படத்தின் மீது பொன்னெழுத்து. அதன் மீது பூவேலை. எழுத்தும் பின்புலமும் ஒன்றோடொன்று கலந்து, இரண்டும் தெரியாமல் போகின்றன.

கண்ணளவில் தீர்மானிப்பதற்கு உதவியாக ஓர் எண்ணளவும் உண்டு. உலகளாவிய வலைக் கூட்டமைப்பு 2008-இல் வெளியிட்ட அணுகல் நெறிகளின்படி, சாதாரண அளவுள்ள எழுத்துக்கும் பின்புலத்துக்கும் இடையே ஒளி வேறுபாடு 4.5-க்கு 1 என்ற விகிதத்துக்குக் குறையலாகாது. பெரிய எழுத்துக்கு 3-க்கு 1 போதும். வெள்ளையின் மீது வெளிர்பொன் எழுத்து இத்தேர்வில் தோற்றுவிடும். அரக்கின் மீது வெண்மை எளிதில் வெல்லும். நெசவாளர் கண்ணால் அறிந்ததையே இந்த எண்ணும் சொல்கிறது.

நிறத்தை மட்டும் நம்பலாகாது என்பதற்கும் நம் நாட்டிலேயே சான்றுண்டு. பொட்டலங்களில் சைவத்துக்குப் பச்சை வட்டமும் அசைவத்துக்குப் பழுப்பு வட்டமும் நெடுநாள் இருந்தன. நிறம் பிரித்தறிய இயலாதோருக்கு இரண்டும் ஒன்றாகவே தோன்றின. உணவுப் பாதுகாப்புத் தர நிர்ணய ஆணையத்தின் 2020-ஆம் ஆண்டு விதிகள் அசைவக் குறியை முக்கோணமாக மாற்றின. இப்போது வடிவமே வேறுபாட்டைச் சொல்லிவிடுகிறது. கோயில் நகரில் இந்தத் தெளிவுக்குத் தனிச் சிறப்பு உண்டு. நம் கடைக்காரர் ‘இங்கே இறைச்சி சமைக்கப்படுகிறது’ என்று முகப்பிலேயே தெரிவித்தால், விரதமிருந்து வந்த பக்தர் தவறி உள்ளே வந்து மனம் வருந்தமாட்டார். சைவக் கடை தன்னைச் சைவமென்று தெளிவாகக் கூறினால், நம் குடும்பங்களும் அங்கே கவலையின்றி உண்ணலாம். தெளிவான குறி அண்டை வீட்டாருக்குச் செய்யும் உபகாரம்.

படத்தின் வாய்மை

அண்ணல் நபி (ஸல்) அவர்கள் கடைத்தெருவில் தானியக் குவியல் ஒன்றினுள் கையை விட்டபோது விரல்களில் ஈரம் பட்டதையும், நனைந்த பகுதியை மக்கள் காணுமாறு மேலே வைக்காததற்காக அந்த வணிகரைக் கண்டித்ததையும் ‘ஸஹீஹ் முஸ்லிம்’ பதிவு செய்திருக்கிறது. உணவுப் படங்களைப் பற்றிப் பேசும்போது இந்நிகழ்ச்சி நினைவுக்கு வருகிறது. எந்த நாட்டிலோ எடுத்து விற்கப்படும் பொதுப்படங்களை வாங்கிப் போட்டு, நம் அடுப்பில் வெந்ததுபோலக் காட்டுவது எங்ஙனம் முறையாகும்? ‘காஞ்சிபுரம் இட்லி’ என்ற பெயரையே எடுத்துக்கொள்வோம். வரதராசப் பெருமாள் கோயிலின் படையல் வழியே புகழ்பெற்ற அந்த இட்லி, மிளகும் சீரகமும் சுக்கும் சேர்த்து, இலை விரித்த மூங்கிற்குடலையில் வேகவைத்துத் துண்டு போடப்படுவது. அப்பெயரின் கீழ் வழக்கமான தட்டத்தில் வார்த்த வட்ட இட்லியின் படத்தைப் போடும் பக்கங்கள் உள்ளன. அறியாதவர் அதையே உண்மையென்று நம்பிச் செல்வார். தன் சமையலறையில், தன் தட்டில், பகல் வெளிச்சத்தில் எடுத்த ஒரே ஒரு படம் இத்தகைய பத்துப் படங்களினும் மேலானது.

பிறர் வகுத்த சட்டம்

சொந்தப் பக்கம் இல்லாத கடைகள் இன்று ஸொமாட்டோ, ஸ்விகி போன்ற நிறுவனங்களின் பட்டியலில் இடம்பெறுகின்றன. முன்னது 2008-இல் வேறு பெயரில், உணவக விலைப்பட்டியல்களைத் திரட்டித் தரும் தளமாகவே தொடங்கியது. பின்னது 2014-இல் பெங்களூரில் தோன்றியது. இவற்றின் மீது நமக்குக் குறை உண்டு. எல்லாக் கடையும் ஒரே சட்டத்தில் ஒரே முகமாகிவிடுகின்றன. ஐம்பதாண்டுக் கடையும் நேற்றுத் திறந்த கடையும் வரிசையில் ஒரு கட்டம். கடைக்காரர் தரகும் செலுத்தவேண்டும். ஆனால் நடுநிலையோடு சொல்வதானால், உணவின் பெயர், விலை, சைவ அசைவக் குறி, திறந்திருக்கிறதா என்ற செய்தி ஆகிய மூலத்தை அவை நடுவில் வைக்கின்றன. நம்மவர் தம் பக்கத்தில் மறந்ததை அவர்கள் நினைவில் வைத்தார்கள். கூட்டம் அங்கே போனதற்கு இதுவும் ஒரு காரணம்.

சதுரக் குறியீட்டைப் பற்றியும் ஒரு சொல். ஜப்பானின் டென்சோ வேவ் நிறுவனம் மோட்டார் உதிரிப் பாகங்களைக் கணக்கிட 1994-இல் உருவாக்கிய கியூ.ஆர். குறியீடு, 2020-இன் பெருந்தொற்றுக் காலத்தில் சாப்பாட்டு மேசைக்கு வந்தது. தொற்று தணிந்தும் சில கடைகளில் அச்சட்டை திரும்பவில்லை. கைப்பேசி இல்லாதவர், இருந்தும் பழகாதவர் என்ன செய்வார்? மேசையில் குறியீடு இருக்கட்டும். கேட்டவுடன் தர ஓர் அட்டையும் இருக்கட்டும்.

என்ன செய்யலாம்?

பெரிய நிறுவனங்களுக்குப் பொருள் வசதியுண்டு. அவை விரைவில் திருந்தலாம். நம் கவலை சிறு கடைக்காரரைப் பற்றியது. ஒலிமுகமது பேட்டையில் நான்கு மேசை போட்டு நடத்துபவர் ஒருவருக்கு இருபது பக்கத் தளம் தேவையில்லை. ஒரே பக்கம் போதும். மேலே கடையின் பெயர் தமிழில். அதன் கீழ் ஆங்கிலத்தில். அடுத்த வரியில் என்ன உணவு, ஹலால் பற்றிய தெளிவு. பிறகு திறந்திருக்கும் நேரமும் வெள்ளிக்கிழமை ஜும்ஆ வேளையின் மாற்றமும். தொட்டவுடன் அழைப்புச் செல்லும் தொலைபேசி எண், வழிகாட்டும் வரைபடம், அருகிலுள்ள பேருந்து நிறுத்தத்தின் பெயர். அதன்பின் விலைப்பட்டியல், எழுத்தாகவே, கடைசியாகத் திருத்திய தேதியோடு. குடும்பத்துக்குத் தனியிடம் இருந்தால் அதையும், தொழ இடமோ பக்கத்தில் பள்ளிவாசலோ இருந்தால் அதையும் குறிப்பிடலாம். உண்மையான படம் ஒன்றிரண்டு. இவ்வளவே மத்ன். கடையின் வரலாறும் பாட்டனார் புகழும் ஹாஷியாவாகக் கீழே நிற்கட்டும்; விரும்பியவர் படித்துக்கொள்வர்.

நம் குடும்பங்களில் இன்று கணினிக் கல்வி பெற்ற இளைஞர்களும் இளம்பெண்களும் நிறைந்திருக்கின்றனர். அயல்நாட்டு நிறுவனங்களுக்கு அழகழகாகப் பக்கங்கள் அமைத்துத் தருகின்றனர். அவர்களுள் ஒருவர், ஒரு விடுமுறை நாளில், தம் தெருவிலுள்ள ஓர் உணவகத்துக்கு இந்த ஒரு பக்கத்தை அமைத்துத் தரலாகாதா? அமைத்தபின் உரிமையாளரிடம் ஒப்படைக்குமுன், தமிழ் மட்டும் படிக்கத் தெரிந்த பெரியவர் ஒருவரிடம் கைப்பேசியைக் கொடுங்கள். அருகில் நின்று எதையும் விளக்காதீர்கள். மேற்கூறிய ஏழு கேள்விகளுக்கும் அவர் தாமே விடை கண்டுவிட்டால் உங்கள் பக்கம் தேறிவிட்டது என்று கொள்ளுங்கள். அவர் எந்த இடத்தில் தயங்கினாரோ, அந்த இடத்தை மீண்டும் திருத்துங்கள்.